மாமாவின் கடிகாரத்துக்குள் ஈரம்

என் பிரியமான மாமா,

அங்கே எல்லாம் நேரத்துக்கு நடக்கிறதா? நடக்கவில்லையென்றால் இந்நேரம் நீங்கள் யாரிடமாவது முறையிட்டிருப்பீர்கள் என்று நானும் உங்கள் மகன் யோகனும் பேசிக்கொள்வோம்.

நீங்கள் எங்களை விட்டுப் போய் ஒரு வருடமும் இரண்டு மாதமும் ஆகிவிட்டது. உங்கள் அறையில் இப்போது என் தையல் மெஷின் இருக்கிறது. கட்டிலை மட்டும் எடுக்க மனம் வரவில்லை. மலாக்காவில் நம் பாச்சாங் பக்கம் முன்னைவிட நெரிசல். நம் வீட்டுச் சந்தியில் காரைத் திருப்பவே ஐந்து நிமிடம் நிற்க வேண்டியிருக்கிறது. ஆனால் இதையெல்லாம் சொல்லவா உங்களுக்குக் கடிதம்? உங்கள் கடிகாரத்துக்கு ஒரு விபத்து நடந்தது, மாமா. உங்களிடம் சொல்லாமல் அதை என்னால் முடித்துக்கொள்ள முடியவில்லை.

எழுதட்டுமா என்று யோகனிடம் கேட்டேன். "எழுது. ஆனா என்னை ரொம்ப விட்டுக்கொடுத்துடாதே" என்றார். முடிந்தவரை பார்க்கிறேன்.

உங்களைத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் கொஞ்சம் பின்னால் போய் வருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் ரப்பர் தோட்டத்து ஆபிசில் பெரிய கிராணி, எழுத்தர்களுக்கெல்லாம் தலைவர். யாழ்ப்பாணத்துக் குடும்பம், கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, ஆங்கிலக் கையெழுத்து. என் அப்பா அதே தோட்டத்தில் பால்மரம் சீவியவர். உங்கள் மூத்த மகன் யோகன் என்னைத்தான் கட்டுவேன் என்று நின்றபோது நீங்கள் எட்டு மாதம் அவரோடு பேசவில்லை. கல்யாணப் பதிவுக்கு வந்தீர்கள். கையெழுத்து முடிந்ததும் மணி பார்த்தீர்கள். போய்விட்டீர்கள்.

மாமி இறந்த பிறகுதான் எங்கள் வீட்டுக்கு வந்து தங்கினீர்கள். வந்த மூன்றாம் நாள் காலையில் அடுப்படி வாசலில் நின்று, முதல் முறையாக என்னைப் பார்த்து ஒரு முழு வாக்கியம் பேசினீர்கள். "பிள்ளை, உங்கட குசினி மணிக்கூடு மூண்டு நிமிசம் பிந்திப் போகுது." நீங்கள் திட்டுகிறீர்களா, பேச்சைத் தொடங்குகிறீர்களா என்று எனக்குத் தெரியவில்லை. நாற்காலி போட்டு ஏறிச் சுவர்க் கடிகாரத்தைச் சரி செய்தேன். நீங்கள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டீர்கள். அதற்குப் பிறகு நமக்குள் பெரிய சிக்கல் எதுவும் வரவில்லை, இல்லையா?

உங்கள் கைக்கடிகாரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மாதத்தில் சிங்கப்பூருக்கு பஸ் ஏறிப் போய் வாங்கி வந்த சுவிஸ் கடிகாரம். ஒரே குடையைப் பத்து வருடம் தைத்துத் தைத்துப் பிடித்த மனிதர், உங்களுக்கென்று செய்துகொண்ட ஒரே ஆடம்பரம் அது. மகன்கள் இருவரையும் தொட விட்டதில்லை. இளையவர் குகன் வேலைக்குப் போன பிறகு, ஒரு தடவை போட்டுப் பார்க்கவா என்று கேட்டாராம். "உனக்குக் கை வேர்க்கும்" என்றீர்களாம். யோகன் கேட்டதே இல்லை.

பிறகு உங்களுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் போய்விட்டன. இரண்டு வருடம் நான் மாலை ஷிப்டுக்கு மாற்றிக்கொண்டு காலையில் உங்களைக் கவனித்தேன். உடம்பு துடைக்கும் முன்னால் கடிகாரத்தைக் கழற்றச் சொல்வீர்கள். துடைத்து, பவுடர் போட்டு, சட்டை மாட்டி முடித்ததும் திரும்பக் கட்டச் சொல்வீர்கள். மெலிந்து மெலிந்து செயினில் நாலு கண்ணி கழற்ற வேண்டியதாயிற்று. மணி பார்த்துச் சரி செய்வது மட்டும் நீங்களே செய்வீர்கள், இடது கையாலும் பல்லாலும்.

கடைசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மகன்கள் இருவரும் கட்டிலருகே இருக்கும்போது, "இது தனலெட்சுமிக்கு" என்று என் பேர் சொல்லிக் கடிகாரத்தைக் காட்டினீர்கள். குகன் சிரித்துக்கொண்டே "அண்ணிக்கு லக் லா" என்றார். யோகன் ஒன்றும் சொல்லவில்லை. சம்மதம்தான் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

நீங்கள் போன பிறகு அதை அலமாரியில் புடவைகளுக்கு நடுவே வைத்தேன். கட்டவில்லை. நான் வேலை பார்க்கும் பத்து பெரண்டாம் பேட்டை மின்னணுத் தொழிற்சாலையில் எங்கள் அறைக்குள் வளையல், கடிகாரம் எதுவும் போடக் கூடாது என்பது ஒரு காரணம். உங்கள் கையில் பார்த்ததை என் கையில் பார்க்கக் கூச்சம் என்பது இன்னொன்று. கை அசைவில் ஓடுகிற கடிகாரம், கட்டாமல் வைத்தால் இரண்டு நாளில் நின்றுவிடும் என்று எனக்குத் தெரியும். ஆனால் முதல் வருடத் திவசம் வருவதற்கு முந்தின மாதம் எடுத்து ஆட்டிப் பார்த்தால், ஆட்டியும் ஓடவில்லை. திவசத்துக்குள் அதை ஓட வைத்துவிட வேண்டும் என்று மலாக்கா டவுனுக்கு எடுத்துப் போனேன்.

பழைய கடை வரிசையில் ஓங் என்று ஒரு சீனப் பெரியவர். அறுபதைத் தாண்டியவர், பேச்சு குறைவு. உள்ளே எண்ணெய் காய்ந்துவிட்டது, எல்லாம் கழற்றிக் கழுவ வேண்டும், தண்ணீர் புகாமல் தடுக்கிற ரப்பர் வளையங்களும் உளுத்துவிட்டன, மாற்ற வேண்டும் என்றார். மூன்று வாரம் கேட்டார். சொன்ன நாளில் கொடுத்தார். ஏதோ ஆங்கிலக் காகிதம் ஒன்றை ரசீதோடு சேர்த்துக் குத்தித் தந்தார். நான் அதைப் படிக்கவில்லை. கடிகாரம் ஓடியது, மாமா. காதில் வைத்துக் கேட்டுக்கொண்டே கார் வரைக்கும் நடந்தேன். வீட்டுக்கு வந்து அலமாரியில் வைத்துவிட்டேன்.

அது ஞாயிற்றுக்கிழமை. புதன்கிழமை உங்கள் திவசம். ஆட்டைத் திவசம் என்பீர்களே உங்கள் பக்கத்தில், அது. விடிந்ததும் மகன்கள் இருவரும் குருக்களோடு கடற்கரைக்குப் போய், பிண்டம் கரைத்து, முழுகிவிட்டு வந்தார்கள். நான் வீட்டில் சமையல். கத்தரிக்காய் பொரித்த குழம்பு, வாழைக்காய், பருப்பு, பயத்தம் உருண்டை. உப்பு சரியாக இருந்தது என்று குகனே சொன்னார். எல்லாம் நல்லபடி முடிந்தது.

வெள்ளிக்கிழமை லீவு எடுத்திருந்தேன். கோயிலுக்கு இன்றைக்காவது கட்டிக்கொண்டு போவோம் என்று அலமாரியைத் திறந்தேன். சோற்றுப் பானை மூடிக்கு உள்ளே முத்து முத்தாகத் தண்ணீர் நிற்குமே, கடிகாரக் கண்ணாடிக்கு உள்ளே அப்படி நின்றது. முள் இரண்டும் மங்கலாகத் தெரிந்தன. புடவைத் தலைப்பால் துடைத்தேன். வெளியே துடைத்து என்ன ஆகப் போகிறது? உள்ளே அல்லவா ஈரம்.

எனக்கு ஈரம் தெரியும், மாமா. இருபத்தெட்டு வருடமாக அதுதான் என் வேலை. எங்கள் அறையில் கணினிச் சில்லுகளைப் பையில் போட்டு மூடும்போது உள்ளே ஒரு சின்ன அட்டை வைப்போம். நீல வட்டம் இளஞ்சிவப்பாக மாறினால் பைக்குள் ஈரம் புகுந்துவிட்டது, அந்தப் பையைத் திறந்தே ஆக வேண்டும். மூடி வைத்துக்கொண்டு காய வைக்க முடியாது. குகனுக்கு போன் பண்ணினேன். கோலாலம்பூரிலிருந்து யோசனை உடனே வந்தது. "அண்ணி, அரிசிக்குள்ள போட்டு வைங்க. காஞ்சிரும்."

"கண்ணாடிக்கு உள்ள இருக்கிற ஈரத்தை அரிசி எப்படித் தம்பி குடிக்கும்?" என்றேன்.

"அப்ப ஹேர் டிரையர் அடிங்க."

"சூடு பட்டா எண்ணெய் உருகி ஓடிரும். விடுங்க, நான் கடைக்கே போறேன்."

"சின்னக் கடையில கொடுத்தா இப்படித்தான் அண்ணி. என்கிட்டக் கேட்டிருக்கலாம்ல? இங்க பெரிய கடையில கொடுத்திருப்பேன்."

அவர் தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் எனக்குச் சுருக்கென்றது. மாமா நம்பிக் கொடுத்த சாமானை மருமகள் ஒரு வருடத்தில் கெடுத்துவிட்டாள் என்று உங்கள் பக்கத்துச் சொந்தக்காரர்கள் பேசுவது இங்கிருந்தே காதில் விழுந்தது. சீவுத் தொழிலாளி வீட்டுப் பெண்ணுக்கு சுவிஸ் கடிகாரம் எதற்கு என்று யாரும் சொல்லவில்லை, மாமா. நானே எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

சாயங்காலம் யோகனிடம் காட்டினேன். கையில் வாங்கவே இல்லை. எட்டிப் பார்த்துவிட்டு, "காஞ்சிரும் போல" என்றார். நாளைக்குக் கடைக்குப் போகலாம், வாங்க என்றேன். லாரி கம்பெனி ஆபிசில் சனிக்கிழமை வேலை இருக்கிறது என்றார். சரி, நானே போகிறேன் என்று விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கடையில் இருந்தேன். கடிகாரக் கண்ணாடியைப் பார்த்ததும் ஓங்கின் முகம் மாறியது. பின்மூடியைத் திறந்தார். ஒற்றைக் கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு மணி திருப்பும் பக்கத்துச் சாவியின் அடிப்பகுதியைப் பஞ்சுக் குச்சியால் தொட்டு எனக்குக் காட்டினார். வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது.

"ஆயெர் லாவுட்" என்றார். கடல் தண்ணீர்.

எங்கள் பேச்சு முழுக்க மலாயில்தான். உங்களுக்காகத் தமிழில் எழுதுகிறேன். "கடலா? இது அலமாரியை விட்டு வெளியே வரலையே" என்றேன்.

"ஆன்ட்டி, இது உப்பு. சாதாரண ஈரம் இப்படிப் படியாது."

"நீங்க ரப்பரைச் சரியாப் போடாம மூடிட்டு, இப்ப கடல் மேல பழி போடுறீங்களா?"

"புது ரப்பர் போட்டேன். காற்றழுத்தம் வச்சு சோதனையும் பண்ணினேன். அந்தக் காகிதம்தான் ரசீதோட குத்திக் கொடுத்தது."

"காகிதத்தை யார் வேணும்னாலும் எழுதலாம்."

கடையில் இன்னும் இரண்டு பேர் நின்றார்கள், மாமா. அவர்கள் காதில் விழ வேண்டும் என்றே நான் குரலை உயர்த்தினேன். என் மாமனார் கடிகாரத்தை இப்படிக் கெடுத்துவிட்டுப் பொய் வேறா, உங்கள் பிள்ளைகளுக்கு இப்படித்தான் சோறு போடுகிறீர்களா என்று கேட்டேன். ஆமாம், அவ்வளவு தூரம் போனேன். ஓங்குக்குக் காதெல்லாம் சிவந்துவிட்டது. ஆனால் அவர் பதிலுக்குக் கத்தவில்லை. "சண்டை அப்புறம் போடலாம். இப்பவே எல்லாத்தையும் கழற்றிக் கழுவணும். உப்பு காத்துக்கிட்டு இருக்காது, துரு ஆரம்பிச்சிருச்சு" என்றார்.

உங்களிடம் கொடுக்க மாட்டேன், மூடித் தாருங்கள், வேறு கடை பார்க்கிறேன் என்றேன். மூடித் தந்தார். வாசல் வரைக்கும் கூடவே வந்தார். "எங்க வேணும்னாலும் குடுங்க, ஆன்ட்டி. ஆனா இன்னைக்கே குடுங்க. நான் அஞ்சு மணி வரைக்கும் இருப்பேன்."

வீட்டுக்கு வந்தால் யோகன் சாப்பிட உட்கார்ந்திருந்தார். அரை நாள் வேலை முடித்து வந்துவிட்டாராம். நான் கைப்பையைக் கூட வைக்கவில்லை, நின்றபடியே கொட்டித் தீர்த்தேன். அந்த ஆளுக்கு எவ்வளவு தைரியம் பாருங்கள், உப்பாம், கடல் தண்ணீராம், அலமாரிக்குள் கடல் வந்ததாம் என்றேன். நல்லாக் கேட்டுவிட்டேன், நாலு பேர் பார்க்கக் கேட்டுவிட்டேன் என்றேன்.

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். வாயில் வைக்கவில்லை.

"இன்னைக்கே கழுவணும்னு சொன்னானா?" என்றார்.

"ஆமா, அவன் சொல்றான். அவனுக்கென்ன."

"கடை எத்தனை மணிக்கு அடைப்பான்?"

"அஞ்சு. ஏன்?"

எழுந்து போய்க் கை கழுவினார். திரும்பி வந்து என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "நான்தான் போட்டுக்கிட்டுப் போனேன், லெட்சுமி. திவசத்தன்னிக்கு."

எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று. புதன்கிழமை விடியற்காலை நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது அலமாரியைத் திறந்திருக்கிறார். இரண்டு நாள் கட்டாததால் கடிகாரம் நின்றிருந்தது. சாவியைத் திருகித் திறந்து, இழுத்து, மணியைச் சரியாக வைத்து, உள்ளே தள்ளியிருக்கிறார். தள்ளினால் போதும் என்று நினைத்துவிட்டார். திரும்ப இறுக்கித் திருகினால்தான் தண்ணீர் புகாது என்று அவருக்குத் தெரியாது. முழுக்கைச் சட்டைக்குள் கட்டிக்கொண்டு போனவர், சட்டையைக் கழற்றும்போது கடிகாரத்தைக் கழற்ற மனமில்லாமல் அப்படியே மூன்று முறை முழுகியிருக்கிறார். வந்து துண்டால் துடைத்து, இருந்த மடிப்பிலேயே வைத்துவிட்டார்.

"வெள்ளிக்கிழமையே ஏன் சொல்லல?"

"வெட்கமா இருந்துச்சு" என்றார். ஐம்பத்தெட்டு வயது, மாமா. தலை முழுக்க நரை. "தானாக் காஞ்சிரும்னு நினைச்சேன். நீ போய் சண்டை போடுவேன்னு நினைக்கல."

எனக்குக் கோபம் வந்தது. பொய் சொல்ல மாட்டேன். ஒரு பெரிய மனிதரை நாலு பேர் நடுவில் பொய்யன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன், எல்லாம் உங்களால்தானே என்று கத்தினேன். கத்திக்கொண்டிருக்கும்போதே மணியைப் பார்த்தேன். இரண்டரை. கார் சாவியை எடுங்கள், போகலாம் என்றேன்.

சனிக்கிழமை மலாக்கா டவுன் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். சுற்றுலா பஸ்கள், பூ வைத்த ரிக்‌ஷாக்கள், பாட்டுச் சத்தம். பாலத்துக்கு முன்னால் கார் அசையவே இல்லை. நான் கடிகாரத்தை மடியில் கைக்குட்டையில் வைத்துக்கொண்டு, மூடிய கண்ணாடிக்குள் துரு ஓடுகிற சத்தம் கேட்கிற மாதிரி உட்கார்ந்திருந்தேன். நாலு மணிக்குக் கடை வாசலில் இறங்கினோம்.

யோகன் எனக்கு முன்னால் உள்ளே போனார். நான் சொல்லிக் கொடுக்கவில்லை. நேராக ஓங்கிடம், "அங்கிள், தப்பு என்னோடது. நான் இதைப் போட்டுக்கிட்டுக் கடலில் முழுகிட்டேன். என் மனைவிக்குத் தெரியாது" என்றார். நான் பின்னாலிருந்து, காலையில் பேசியதற்கு மன்னித்துவிடுங்கள் என்றேன். உங்கள் பிள்ளைகளைப் பற்றிப் பேசியிருக்கக் கூடாது என்றேன். காலையில் நின்ற அந்த இரண்டு பேர் இப்போது இல்லையே, அவர்கள் முன்னால் அல்லவா இதைச் சொல்ல வேண்டும் என்று மனம் அடித்துக்கொண்டது.

ஓங் கையை நீட்டிக் கடிகாரத்தை வாங்கிக்கொண்டார். "சாவியை இறுக்கித் திருகணும்னு நானும் வாயால சொல்லல. காகிதத்துல பொடி எழுத்துல இருக்கு. யார் படிக்கிறா?" என்றார். பிறகு ஓரமாக இருந்த மேசை விளக்கைப் போட்டார். "ரெண்டு மணி நேரமாகும். எதிர்ல கோப்பிக் கடை இருக்கு. போய் உட்காருங்க லா. இங்க நின்னா எனக்குக் கை நடுங்கும்."

அஞ்சு மணிக்கு அடைக்க வேண்டிய கடை அன்றைக்கு அடைக்கவில்லை, மாமா.

கோப்பிக் கடையில் உட்கார்ந்தோம். கண்ணாடி வழியே ஓங்கின் குனிந்த தலை தெரிந்தது. எனக்குக் கோபம் தணிந்திருந்தது. மெல்லக் கேட்டேன். "உங்களுக்கு வேணும்னா என்கிட்ட கேட்டிருக்கலாமே. நான் தர மாட்டேன்னா சொல்லப் போறேன்?"

"உனக்குக் கொடுத்ததுல எனக்கு வருத்தமே இல்ல. நீதானே பார்த்துக்கிட்டே" என்றார். கரண்டியால் கோப்பியைக் கலக்கிக்கொண்டே இருந்தார். "உனக்கு ஒரு வாட்ச் விட்டுட்டுப் போனாரு. குகன்கிட்ட தினமும் போன்ல சிரிச்சுப் பேசினாரு. எனக்கு என்ன விட்டுட்டுப் போனாரு? ஒரு வார்த்தை? உன்னைக் கட்டிக்கிட்டதுக்குப் பிறகு முப்பது வருஷம், மழை வருது, கேட்டைப் பூட்டுன்னு சொன்னதைத் தவிர அப்பா என்கிட்ட என்ன பேசினாரு? திவசத்தன்னிக்காவது அவர் கையில கிடந்தது என் கையில கிடக்கட்டுமேன்னு நினைச்சேன். அவ்வளவுதான்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது, மாமா. ஏனென்றால் உங்களுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த ஒன்று இருந்தது.

நீங்கள் போவதற்குப் பதினொரு நாள் முன்னால், காலையில் உங்கள் முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு உங்கள் பேச்சு கொஞ்சம் தெளிவாக இருந்தது. "யோகன் என்னை எதிர்த்து நிண்டவன். அவன்தான் சரி. நான் பிழை. அவனிட்டச் சொல்லு, பிள்ளை" என்றீர்கள். நீங்களே சொல்லுங்கள், மாமா, என்றேன். "எனக்கு அது வாயில வராது" என்று சிரித்தீர்கள். பாதி முகம்தான் சிரித்தது.

சொல்லு என்று என்னிடம் கொடுத்ததை நான் ஏன் சொல்லவில்லை? முதலில், நீங்களே சொல்வீர்கள், அது உங்கள் வாயால் வந்தால்தான் அழகு என்று காத்திருந்தேன். பிறகு நீங்கள் போய்விட்டீர்கள். அதற்கப்புறம் எப்படிச் சொல்வது? என்னைக் கட்டியதுதான் சரி என்று உங்கள் அப்பா சொன்னார் என்று நானே போய்ச் சொன்னால், என்னை நானே மெச்சிக்கொள்கிற மாதிரி இருக்காதா? இன்றைக்கு வேண்டாம், நாளைக்கு என்று ஒரு வருடம் போய்விட்டது. அவர் கடிகார விஷயத்தை மூன்று நாள் ஒளித்தார் என்று நான் கத்தினேன். நான் ஒளித்தது எத்தனை நாள்?

சொன்னேன். கோப்பிக் கடை மேசையில், பக்கத்து மேசைக்காரர்கள் மீன் தலைக் கறி சாப்பிட்டுக்கொண்டிருக்க, எல்லாவற்றையும் சொன்னேன். எந்த நாள், எந்த நேரம், உங்கள் முதுகில் துண்டு எங்கே இருந்தது என்பது வரைக்கும்.

அவர் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "அப்படியேவா சொன்னாரு? எந்த வார்த்தையில?" என்று கேட்டார்.

"'அவன்தான் சரி. நான் பிழை'ன்னு சொன்னாரு."

"அப்பா மாதிரியே சொல்லு."

நான் உங்கள் பேச்சில், உங்கள் இழுவையில் சொல்லிப் பார்த்தேன். எனக்கு உங்கள் யாழ்ப்பாணத் தமிழ் ஒழுங்காக வராது என்று உங்களுக்குத் தெரியும். ஆனாலும் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். மூன்றாம் தடவை சொல்லும்போது முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். ஆர்டர் எடுக்க வந்த அம்மாள் எங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டாள். நான் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவருக்கு என் மேல் கோபம் இல்லையா என்று பிறகு கேட்டேன். "இருக்கு. நாளைக்குக் கோபப்படுறேன்" என்றார். மறுநாள் மத்தியானம் வரைக்கும் முகம் கொடுத்துப் பேசவில்லை. சாயங்காலம் சரியாகிவிட்டார்.

ஆறரை மணிக்கு ஓங் கை காட்டிக் கூப்பிட்டார். எல்லாவற்றையும் பிரித்துக் கழுவி, சின்னச் சின்ன மூடிகளுக்குக் கீழே வரிசையாக வைத்திருந்தார். இரண்டு சக்கரமும் சாவித் தண்டும் துருப்பிடித்துவிட்டன, வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், மற்றதெல்லாம் தப்பித்தது என்றார். திங்கட்கிழமை வரைக்கும் விட்டிருந்தால் ஒன்றும் மிஞ்சியிருக்காதாம். அதைச் சொல்லும்போது என்னைப் பார்க்காமல் யோகனைப் பார்த்தார். குற்றம் சொல்கிற பார்வை இல்லை அது. சரியான நேரத்தில் வந்தாய் என்கிற மாதிரி இருந்தது.

இரண்டு மாதம் காத்திருந்தோம். போன வாரம்தான் கடிகாரம் திரும்பி வந்தது. ஓங் இந்தத் தடவை சாவியை எப்படி இறுக்குவது என்று எங்கள் இருவரையும் தனித்தனியாகச் செய்ய வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கையில் கொடுத்தார். முகப்பில் நாலாம் எண்ணுக்குப் பக்கத்தில் பழுப்பாக ஒரு திட்டு இருக்கிறது. புது முகப்பு போடலாமா என்று கேட்டார். உங்களுக்குத் திட்டு பிடிக்காது, தெரியும். ஆனால் அந்த முகப்பைத்தானே நீங்கள் ஒரு நாளைக்கு நூறு தடவை பார்த்தீர்கள்? இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

அதை இப்போது யோகன்தான் கட்டியிருக்கிறார். நான் சொன்னேன், எனக்குக் கொடுத்த பொருளை யாருக்குக் கொடுப்பது என்பது என் இஷ்டம் என்று. கழற்றின நாலு கண்ணியையும் ஓங் திரும்பச் சேர்த்தார். உங்கள் மகனுக்கும் கை வேர்க்கத்தான் செய்கிறது. துடைத்துத் துடைத்துக் கட்டுகிறார். குகனுக்கு நடந்ததை நாங்களே போன் பண்ணிச் சொன்னோம். எல்லாம் கேட்டு முடித்துவிட்டு, "அண்ணா, அப்பா என்னைப் பத்தி ஏதாவது சொன்னாரா?" என்று கேட்டார். யோகன் என்னைப் பார்த்தார். அவரைப் பற்றியும் ஏதாவது சொல்லியிருக்கிறீர்களா, மாமா? நான் மறந்துவிட்டேனா? தினமும் காலையில் யோசித்துப் பார்க்கிறேன். நினைவு வந்தால் அன்றைக்கே சொல்லிவிடுவேன், ஒரு நாள்கூடத் தாமதிக்க மாட்டேன்.

அடுத்த திவசத்துக்குக் கடற்கரைக்கு நானும் வருகிறேன். பெண்கள் வர வேண்டியதில்லை என்று யாராவது சொன்னால் சொல்லட்டும். சமையலை முதல் நாளே முடித்து வைத்துவிடுவேன். யோகன் சட்டையைக் கழற்றும்போது கடிகாரத்தையும் வாங்கி என் கையில் கட்டிக்கொண்டு கரையில் நிற்பேன். அவர் கவலையில்லாமல் மூன்று முறை முழுகி எழுந்து வரட்டும்.

அதுவரை உங்கள் நினைவோடு,
உங்கள் மூத்த மருமகள்
தனலெட்சுமி
பாச்சாங், மலாக்கா